அரை டிகிரி

கன்ட்ரோல் லேபில் கடைசி மேசை. டி.சி. மோட்டார், கியர் பாக்ஸ், அதன் தண்டில் ஒரு அலுமினியக் கை. கை படுக்கைவாட்டில் நிற்கிறது, முனையில் கொக்கி. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் கட்டு. மாஸ்கோவின் வாடிம் உட்கின் 1977-இல் எழுதிய கட்டுரை. சறுக்கு முறைக் கட்டுப்பாட்டுக்காரர்கள் இன்றும் தேடிப் படிப்பது.

மாணவி 200 கிராம் எடைக்கல்லை மாட்டுகிறாள். பழைய பி.ஐ.டி. புரோகிராம் ஓடுகிறது. கை தொங்குகிறது, பிறகு மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வருகிறது.

"லேட்டு" என்கிறார் சார்.

அவள் சறுக்கு முறை ஃபைலுக்கு மாற்றுகிறாள். அதே கல். கை அசையவில்லை. 400 கிராம். அப்போதும் இல்லை. கல்லின் எடையை யாரும் புரோகிராமுக்குச் சொல்லவில்லை. மிஞ்சிப் போனால் இவ்வளவுதான் வரும் என்று உச்சவரம்பை மட்டும் கொடுத்திருக்கிறாள். சார் ஒன்றும் பேசாமல் ஒரு கிலோவை எடுத்து மாட்டுகிறார். கை சடாரென்று விழுகிறது.

"சார், அது என் லிமிட்ல இல்ல!"

"தெரியும்மா. எங்க விழும்னு பார்த்தேன்."

திரையில் குறுக்கே பிழை, நெடுக்கே அது மாறும் வேகம். மையம் வழியே ஒரு சாய்கோடு. கையின் நிலையைக் காட்டும் புள்ளி மூலையிலிருந்து பாய்ந்து வந்து கோட்டைத் தொட்டதும் அதன் மேலேயே சறுக்கி மையத்துக்குப் போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் மோட்டாருக்கு ஒரு திசையில் முழு விசை, அந்தப் பக்கம் போனால் எதிர்த்திசையில் முழு விசை. நடுவாந்தரம் கிடையாது.

அவள் பெரிதாக்கிப் பார்க்கிறாள். கோட்டின் மேல் போன தடம் ரம்பப் பல்லாகத் தெரிகிறது. கட்டுப்பாட்டுப் பலகை மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. பார்ப்பதற்குள் புள்ளி கோட்டைத் தாண்டிவிடுகிறது. திருப்பினால் மறுபடி தாண்டுகிறது. மோட்டார் விடாமல் கிரீச்சிடுகிறது. கியர் பாக்ஸில் வைத்த விரலை வெடுக்கென்று எடுக்கிறாள்.

"பாப்பா, பல்லு தேஞ்சிரும்" என்கிறார் லேப் உதவியாளர், ஸ்டூலிலிருந்து எழாமலே.

கோட்டின் இருபுறமும் மெல்லிய பட்டை ஒன்றை வரைகிறாள். பட்டைக்கு வெளியே பழையபடி முழு விசை. உள்ளே வந்துவிட்டால் கோட்டிலிருந்து விலகிய அளவுக்குத்தான். பட்டையை அகலமாக வைத்ததும் சத்தம் அடங்குகிறது. ஆனால் 400 கிராமுக்குக் கை இரண்டு டிகிரி தொங்கிப்போய் அங்கேயே நிற்கிறது. ரொம்பக் குறுக்கினால் கிரீச் திரும்பி வருகிறது. நாலில் ஒரு பங்காக்குகிறாள். தொங்கல் அரை டிகிரி. மோட்டாரிடம் லேசான முனகல்.

"எதை வைக்கப் போறே?"

"இதையே வச்சுக்கிறேன் சார்."

"எக்ஸ்டர்னல் வந்து, ஏன் நேரா நிக்கலைன்னு கேட்டா?"

அவள் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் காட்டுகிறாள். பட்டையின் அகலம், உச்ச எடை, அதற்கு வரக்கூடிய தொங்கல், மூன்றும் ஒரே வரியில், கணக்கோடு. "இதுக்கு மேல தொங்காதுன்னு எழுதியே கொடுத்திருக்கேன் சார். நேராத்தான் நிக்கணும்னா அவரையே கியர் பாக்ஸ் வாங்கித் தரச் சொல்லுங்க."

சார் சிவப்பு மையால் கையெழுத்துப் போடுகிறார்.