எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு, ஊரறிய



நேரில் நன்றி சொன்னால் "போடி, வேலையைப் பாரு" என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால் நம் ஊர் முசரவாக்கத்தில் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பலர் வந்தார்கள். நாட்டு மருந்து சொன்னார்கள், பரிகாரம் சொன்னார்கள். சிலர் வாசலோடு நின்று, தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள். டம்ளரில் ஒட்டிக்கொள்ளும் நோயா அது? நீங்கள் யாரிடமும் வாதாடவில்லை. அம்மா வைத்துவிட்ட மீதிக் காபியை எல்லார் முன்னாலும் எடுத்துக் குடித்தீர்கள். அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வாரத்துக்கு ஐந்து நாள் போகவேண்டும். அதில் ஒருநாள் கீமோவும் உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் கதிரின் வழியை விட்டு விலகும் என்று, தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். அடக்கமாட்டாமல் அம்மா தவிக்கும்போது ஊர்க்கதை பேசியே நேரத்தைக் கடத்தினீர்கள். கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட உடம்பில் போட்ட மார்க் அழியாதபடி குளிப்பாட்டிவிட்டீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது என நர்ஸ் சொன்னது உங்களுக்குத்தான் மறக்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிய ராத்திரி ஆட்டோவைக் கூட்டிவந்து நிறுத்தியதும் நீங்கள்தான்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர் தந்த அண்ணாவே 1968-ல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நியூயார்க் போக வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரி 3-ல் அவர் காலமானார். அவர் பிறந்த காஞ்சியில், அவர் பெயரில், நாங்கள் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இன்று ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கடன் வாங்காமல் தப்பித்தோம்.

ஆனால் தறியை எந்த அட்டை ஓட்டும்? கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். கரைக்குத் தனி நாடா, அதைப் போட இன்னொரு ஆள் வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவள் அம்மா. அவள் எழுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். மறுநாளே உங்கள் மருமகளான அண்ணியைக் கூட்டிவந்து அந்த இடத்தில் உட்காரவைத்தீர்கள். முகூர்த்தப் புடவை சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று நல்ல மனதோடு பலர் சொன்னார்கள். எங்களுக்குத்தான் வாய் வரவில்லை. கஷ்டத்தில் இருப்பவரால் அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட முடியாது, பெரியம்மா. அதனால்தானோ என்னவோ, நீங்கள் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இப்போது செக்கப் மட்டும்தான். இந்த நோய் உருவாகப் பல வருஷம் ஆகும். புற்றாக மாறுமுன்பே கண்டுபிடித்துவிடலாம். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே இதற்கான பரிசோதனை செய்கிறார்கள். நீங்கள் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை, "எனக்கென்னடி" என்கிறீர்கள். வருகிற புதன்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். அண்ணியும் வருகிறார். காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன், கிளம்பி இருங்கள்.

உங்கள் மகள்