சக்கரத்துக்கு இட்ட சங்கிலி

சங்கிலி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவது கட்டுண்ட தோற்றமே. யானையின் காலில் கிடப்பதும் சங்கிலி. கைதியின் கையில் பூட்டப்படுவதும் சங்கிலி. ஓடுவதை நிறுத்துவதே அதன் தொழில் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின், ஓட இயலாது நிற்பதை ஓடச் செய்யும் சங்கிலியும் உலகில் உண்டு. பனி பொழியும் நாடுகளில் கனரக லாரிகளின் சக்கரங்களில் பூட்டப்படும் இரும்புச் சங்கிலியே அது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழும் எம் தமக்கை மகனின் இல்லத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. டென்வர் நகருக்கு மேற்கே ராக்கி மலைத்தொடரை ஊடறுத்துச் செல்கிறது 70ஆம் எண் நெடுஞ்சாலை. மலையைக் குடைந்து அமைத்த ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. 1973இல் ஒரு வழியும் 1979இல் மறு வழியும் திறக்கப்பெற்றன. சுரங்கத்திற்கு மேற்கே சாலை நூறு அடிக்கு ஏழடி வீதம் சரிந்து இறங்குகிறது. சரக்கோடு சேர்த்து 36 டன் வரை எடையுள்ள லாரிகள் இரவும் பகலும் இவ்வழியே ஏறி இறங்குகின்றன.

பனிக்கட்டி வழுக்கும் என்பதைக் குழந்தையும் அறியும். உருகும் நிலையை நெருங்கிய பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்து நிற்பதால், ரப்பர் டயருக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. எடை மிகுந்த வண்டி வழுக்காது என்று கருதுவோர் உளர். எடை கூடுந்தோறும் அவ்வண்டியை நிறுத்த வேண்டிய விசையும் கூடுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். டயரின் குறுக்கே கிடக்கும் இரும்புக் கண்ணிகளோ, இறுகிய பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. ஏறும்போது இழுக்கவும் இறங்கும்போது நிற்கவும் அவையே துணை.

எனவேதான் அம்மாநிலம் இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது. செப்டம்பர் முதல் நாள் தொடங்கி மே 31 வரை, டாட்செரோ முதல் மாரிசன் வரையுள்ள ஏறத்தாழ 126 மைல் தொலைவில், வானம் தெளிந்திருந்தாலும் கனரக வணிக வண்டிகள் போதிய சங்கிலியைச் சுமந்தே செல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டில் இவ்விதி வேறு சில மலைச்சாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பூட்டுக என்னும் ஆணை பிறந்த பின்னும் பூட்டாது சென்றால் 500 டாலர் தண்டம். அதனால் சாலையும் அடைபட்டால் 1,000 டாலர். கூடுதல் கட்டணம் தனி.

பூட்டுவது எளிய பணியன்று. அதற்கென்றே சாலையோரத்தில் அகன்ற இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அத்தகைய ஓரிடத்தில் நடுவயது ஓட்டுநர் ஒருவர் பணிபுரிவதை அருகிருந்து கண்டோம். இரட்டைச் சக்கரத்துக்கான ஒரு சங்கிலிக் கோவை ஏறத்தாழ 30 கிலோ எடை உடையது. அதைத் தோளில் சுமந்து வந்து, சிக்கெடுத்து, கொக்கிகளின் கூர்முனை டயரைக் குத்தாதவாறு வெளிப்புறம் நோக்க விரித்துப் போர்த்தினார். வண்டியைச் சிறிது முன்னே நகர்த்தினார். பனியில் முதுகு படப் படுத்து உட்புறக் கொக்கியை மாட்டினார். பின்னர் வெளிப்புறம் மாட்டி, தளர்ச்சி நீங்க முறுக்கினார். இவ்வாறே ஏனைய சக்கரங்களுக்கும். சிறிது தூரம் ஓட்டியபின் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டுமாம். மணிக்கு 30 மைல் வேகத்தைத் தாண்டலாகாதாம். பனியற்ற தரை வந்ததும் கழற்றிவிட வேண்டுமாம்.

"எத்தனை முறை பூட்டியிருப்பீர்கள்?" என்று வினவினோம்.

"செப்டம்பரிலிருந்து சுமக்கிறேன், இது ஆறாவது முறை" என்றார்.

"ஆறு நாளைக்காக ஒன்பது மாதச் சுமையா?"

"நான் வழியில் நின்றுவிட்டால் எனக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதாகிவிடுமே" என்று கூறிக் கையுறையிலிருந்த பனியை உதறினார்.

அச்சொல்லின் பொருளை அவ்வாரத்திலேயே நேரில் உணர்ந்தோம். எமக்கு முன்னே ஏறிய லாரி ஒன்று வழுக்கி, சாலையின் குறுக்கே மடங்கி நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் ஒரு வண்டியும் அசையவில்லை. பின்னே தொலைவில் மருத்துவ ஊர்தி ஒன்றின் செவ்விளக்கு சுழன்றுகொண்டே இருந்தது. "அந்த லாரியில் சங்கிலி இல்லாமல் இல்லை மாமா, பூட்டத்தான் இல்லை. அரை மணி நேரம் மிச்சம் என்று நினைத்திருப்பார்" என்றார், இறங்கிச் சென்று விசாரித்து வந்த மருமகன். வண்டியின் பக்கவாட்டில் அச்சங்கிலி பளபளப்புக் குன்றாமல் தொங்கிக்கொண்டிருந்ததை, மெல்ல நகர்ந்து கடந்தபோது நாமும் கண்டோம்.

இச்சாதனம் பிறந்த வரலாறு எளியது. சேற்றிலும் பனியிலும் சிக்காதிருக்க மோட்டார் ஓட்டிகள் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொள்வதைக் கண்ட ஹாரி வீட் என்னும் அமெரிக்கர், கயிற்றுக்கு மாற்றாக இரும்புச் சங்கிலியை அமைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. பூட்டும் கைகளின் உழைப்பும் குறையவில்லை.

கல்லூரியில் பயிலும் இளைஞர்களிடம் இதனை விரித்துரைக்கக் காரணம் உண்டு. ஆண்டுக்கணக்காக நாம் சுமக்கும் கல்வியும் ஒழுக்கமும் பல நாள்களில் பயனற்ற சுமையாகவே தோன்றும். வழுக்கும் இடம் எப்போது வரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆதலின் சுமந்தே ஆக வேண்டும். ஆனால் சுமத்தல் மட்டும் போதாது. வேண்டிய வேளையில் வண்டியை ஓரங்கட்டி, குளிரைப் பொறுத்து, குனிந்து பூட்டும் மனமும் வேண்டும். அவ்வேளையில் நாம் மிச்சப்படுத்த எண்ணும் அரை மணி நேரம் நமக்கு மட்டும் உரியதன்று. நமக்குப் பின்னே வருவோர் அனைவருக்கும் உரியது.