நிலைபிறழாத கண்ணாடி

வேட்டையாடுவோன் கையிலுள்ள கருவி எதுவாயினும், அதனால் மடியும் பிராணி வீணே துன்புறலாகாது என்பது எந்நாட்டாரும் ஒப்பும் அறமாகும். இதனை வலியுறுத்திக் கூறுவதற்கு, குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியைப் போன்ற ஆசான் வேறில்லை. நம்மவர் நாட்டுத் துப்பாக்கி என வழங்குவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதில் ஒருமுறைக்கு ஒரே குண்டு. மறுகுண்டைக் கெட்டிக்க அரை நிமிடமேனும் செல்லும். அதற்குள் எழும் புகையோ குறியையே மறைத்துவிடும். மான் நின்ற இடத்தில் வீழ்வதும், காயத்தோடு ஓடி இரவெல்லாம் துடித்து மாய்வதும் அவ்வொரு குண்டைப் பொறுத்தவை.

உத்தியோக நிமித்தம் நான் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திற் சில ஆண்டுகள் வசித்தேன். அங்கே ஜனவரி மாதத்திற் சில நாட்களை இத்துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் ஆண்டுதோறும் அதில் ஈடுபடுபவர். அறுபதைக் கடந்தபின் அவர் கண் மங்கலாயிற்று. பின்குறி, முன்குறி, மான் ஆகிய மூன்றும் மூன்று தூரத்தில் உள்ளவை. மூன்றையும் ஒருங்கே தெளிவாய்க் காண முதுமைக் கண்ணால் இயலாது. “மானைக் காயப்படுத்துவதினும் வேட்டையை விட்டுவிடுவதே நன்று” என்றார் அவர். அளவுக் கருவிகளைச் சோதிப்பது என் தொழிலாதலால், தமக்கு ஒரு தொலைநோக்கியைத் தேர்ந்து தரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். தொலைநோக்கியினுள் குறுக்குக் கோடும் மானும் ஒரே தளத்திற் தோன்றுவதால், அவருடைய குறைக்கு அது தக்க பரிகாரமே.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1855-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் என்பார் துப்பாக்கிக்கான நீண்ட தொலைநோக்கிகளைச் செய்யத் தொடங்கினார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரிற் குறிதவறாச் சுடுநர் சிலர் அத்தகையவற்றைக் கையாண்டனர். பின்னர் 1985-இல் மிசூரி மாநிலத்து டோனி நைட் என்பவர், குழலுக்கு நேர் பின்னே தீப்பொறி எழும் புதுவகைத் துப்பாக்கியை அமைத்தார். அதன்பின் வாய்வழித் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்துவது பெருவழக்காயிற்று.

நிற்க. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது பன்னிரு மடங்கு பெருக்கும் விலையுயர்ந்த கண்ணாடி. தெளிவைப் புகழ்ந்தாரேயன்றி, உதையைத் தாங்குமா என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கருமருந்தைப் பெருக இட்டால் துப்பாக்கி தோளை வலிய உதைக்கும். அவ்வதிர்ச்சியில் உள்ளிருக்கும் வில்லைகள் மயிரளவு நகர்ந்தாலும், நூறு கஜத்துக்கப்பால் அது சில அங்குலப் பிழையாகிவிடும். ஆதலின், எவ்வளவு தெளிவாய்க் காட்டுகிறது என்பதினும், வைத்த இடத்தில் நிற்கிறதா என்பதே முதற் கேள்வி. கண்ணாடியைத் தாங்கும் வளையமும் திருகும் உறுதியற்றிருந்தால் கண்ணாடியின் விலை வீண்.

இரண்டாவது, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு அங்குலமேனும் வேண்டும். இன்றேல் உதைக்கும்போது விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். மூன்றாவது, மான் பெரும்பாலும் வெளிப்படுவது விடியலிலும் அந்தியிலும். நாற்பது மில்லிமீட்டர் முகப்புள்ள கண்ணாடி நான்கு மடங்கு பெருக்கினால் பத்து மில்லிமீட்டர் ஒளிக்கற்றையைக் கண்ணுக்குத் தரும். பத்து மடங்கு பெருக்கினால் நான்கே. பெருக்கம் மிகுந்தால் ஒளி குறையும் என்பது இதனாற் புலனாகும். நான்காவது, ஜனவரிக் குளிரில் உள்ளே பனிபடராதிருக்க, ஈரக்காற்றை நீக்கி நைட்ரஜன் வாயு நிரப்பிய குழலே தகும்.

இவற்றை ஆராய்ந்து, மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெருக்கும் எளிய கண்ணாடி ஒன்றை வாங்கினோம். வாங்கியதோடு நம்பிவிடவில்லை. நூறு கஜத்திற் பலகை நிறுத்தி, ஒவ்வொரு குண்டுக்கும் இடையே குழலைத் துடைத்துச் சுட்டோம். திருகை மேலே நாற்பது, வலத்தே நாற்பது, கீழே நாற்பது, இடத்தே நாற்பது சொடுக்கு திருப்பி, திருப்புந்தோறும் ஒரு குண்டு சுட்டோம். இறுதிக் குண்டு முதற் குண்டின் அருகே பாய்ந்தது. விளம்பரத்தை நம்பாமற் கைச்சோதனையை நம்புதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று யாது?

ஆயினும் கண்ணாடிக்கும் எல்லையுண்டு. கொலராடோ மாநிலத்தார் இத்துப்பாக்கிக்கென ஒதுக்கிய காலத்தில் தொலைநோக்கியையே தடுத்திருக்கிறார்கள்; அருகணைந்து சுடும் பழந்திறமை அழியலாகாது என்பார் அதனை ஆதரிக்கின்றனர். அக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கண்ணாடி மானை அருகிற் காட்டுமேயன்றி, குண்டை அருகிற் சேர்க்காது. நூறு கஜத்துக்குச் சரிசெய்த குண்டு இருநூறு கஜத்தில் ஓரடியளவும் தாழக்கூடும்.

அவ்வாண்டு வேட்டையின் முதல் அந்தியில், ஏறக்குறைய இருநூறு கஜத்தில் கொம்புமான் ஒன்று கண்ணாடியில் மிகத் தெளிவாய் நின்றது. முதியவர் நெடுநேரம் நோக்கினார். பின் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். “தெரிகிறது, ஆனால் என் எல்லைக்குள் இல்லை” என்றார். நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். உதையில் நிலைபிறழாத கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கலாம். ஆசையில் நிலைபிறழாத மனத்தை அவரவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.