உதவாக்கரை

காலையில் கண் விழித்தது முதல் இரவு கண் மூடும் வரை நாம் மிகுதியாகப் பேசுவது யாரோடு? மனைவியோடோ மக்களோடோ அன்று, நம்மோடுதான். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் காமத்துப்பாலில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். 42ஆம் திருப்பாடலின் ஆசிரியர், தளர்ந்து கிடக்கும் தம் நெஞ்சையே எதிரில் நிறுத்தி, ஏன் இந்தத் தளர்ச்சி என்று கேட்கிறார். ஆனால் நம்மில் பலர் நெஞ்சிடம் கேள்வி கேட்பதில்லை. தீர்ப்பு மட்டுமே சொல்கிறோம். அப்படி முப்பது ஆண்டுகள் தீர்ப்பு சொல்லி வந்தவன் நான்.

கௌமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்ற வீரபாண்டி எங்கள் ஊர். முல்லையாற்றுப் பாசனத்தில் எங்களுக்குச் சிறிது நஞ்சை இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஆனி மாதத்து இரவொன்றில் முறைத்தண்ணீர் பாய்ச்ச அப்பா என்னை வயலில் நிறுத்தினார். வயல் நிறைந்ததும் மடையை அடைக்க வேண்டும், அவ்வளவே வேலை. நான் வரப்பிலேயே உறங்கிவிட்டேன். நீர் நிரம்பி, வரப்பு உடைந்து, அன்று மாலைதான் பக்கத்து நாற்றங்காலில் தெளித்திருந்த முளைவிதையை வாரிக்கொண்டு போயிற்று. எங்கள் விதைநெல்லைக் கொடுத்து அப்பா ஈடு செய்தார். என்னை அடிக்கவில்லை. “உதவாக்கரை” என்று ஒரே ஒரு சொல் சொன்னார். கரை உடைந்த அந்த விடியலில் அச்சொல் எனக்கென்றே செய்ததுபோல் பொருந்திற்று.

அப்பா அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்தால், பேருந்தைத் தவறவிட்டால், சாவியை எங்காவது வைத்துவிட்டால், “உதவாக்கரை” என்று நானே என்னை அழைத்துக்கொண்டேன். பதவி உயர்வுக்கான தேர்வுக்கு விண்ணப்பமே போடாமல் விட்டேன். இதனைப் பணிவு என்றும் நம்பினேன்.

ஒரு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் வீட்டில் குடில் அமைத்துக்கொண்டிருந்தோம். ஒன்பது வயது மகளின் கையிலிருந்து இடையர் சுரூபம் நழுவி விழுந்து தலை தனியே உடைந்தது. யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளோ துண்டுகளைப் பொறுக்கியபடி, மெல்லத் தனக்குத்தானே, “நான் ஒரு உதவாக்கரை” என்றாள். அந்தச் சொல்லால் நான் அவளை ஒருநாளும் அழைத்ததில்லை. என்னைத்தான் அழைத்திருந்தேன், அவள் காதில் விழும்படி.

அவ்வாரம் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்றபோது, “நான் எதற்கும் உதவாதவன், சாமி” என்று தொடங்கினேன். குருவானவர் இடைமறித்தார். “இது பாவ அறிக்கை அன்று, தீர்ப்பு. தீர்ப்பிடும் அதிகாரத்தை உங்களுக்கு யார் தந்தது? லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தை இன்று மெதுவாக வாசியுங்கள். பன்றிகளின் நடுவே அந்த மகன் தயாரித்த பேச்சையும், தந்தையின் முன் அவன் பேசியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்” என்றார்.

பலமுறை கேட்ட உவமைதான். ஆயினும் அன்றுதான் கண்டேன். தொலைநாட்டில் அவன் தன்னோடு பேசி ஆயத்தம் செய்தவை மூன்று: பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியற்றவன், என்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும். தந்தையின் முன் முதல் இரண்டை மட்டுமே சொல்கிறான். மூன்றாவது அவன் வாயிலிருந்து வருமுன்பே தந்தை ஆடையையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தந்தை தடை சொல்லவில்லை. மகன் தன்னைக் கூலியாளாக்கிக்கொள்ளும் இடத்தில்தான் குறுக்கிடுகிறார்.

திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் நாமும் நூற்றுவர் தலைவரின் சொற்களால் நம் தகுதியின்மையை அறிக்கையிடுகிறோம். அந்த மன்றாட்டு அங்கே முடிவதில்லை. குணமாக்கும் ஒரு வார்த்தையைக் கேட்டு நிற்கிறது. இறைவனை நோக்கிச் சொல்லும்போது பணிவாக இருப்பது, நமக்குள்ளே முற்றுப்புள்ளி வைத்துச் சொல்லும்போது சிறையாகிவிடுகிறது. அதற்காகத் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதும் மருந்தாகாது. களஞ்சியத்தைப் பெரிதாக்க எண்ணித் தன் நெஞ்சுக்கு நல்வாழ்த்துக் கூறிய செல்வனை இயேசு அறிவிலி என்றே காட்டினார். தேவையானது புகழ்ச்சியன்று, உண்மை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறையும் இதுவே: தானாக எழும் எண்ணத்தை நிறுத்தி, இது உண்மையா, சான்று என்ன என்று வினவுதல். சான்று தேடினேன். ஓர் இரவு உறங்கிய சிறுவன் இருந்தான். உதவாக்கரை ஒருவனும் இல்லை.

பழகிய பேச்சை மாற்றுவது எளிதன்று. எங்கள் ஊரைத் தழுவி ஓடும் முல்லையாறே அதற்குச் சாட்சி. மேற்கே அரபிக்கடலை நோக்கிச் சென்ற பெரியாற்று நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பணியைப் பென்னிகுயிக் 1887இல் தொடங்கினார். கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினார்கள். 1895இல் அணை நிறைவுற்றது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரும் அவ்வாறு திரும்பிய நீரை நம்பியே இருக்கிறது. ஆற்றையே திருப்ப முடிந்தது என்றால், நாவுக்குள் ஓடும் ஒரு சொல்லைத் திருப்ப முடியாதா?

நானும் சிறிது சிறிதாகக் கட்டி வருகிறேன். சில நாள்களில் பழைய வெள்ளம் உடைத்துக்கொண்டு வருவதுண்டு. சென்ற வாரம் சாவியைக் காணாமல் வீடெல்லாம் தேடினேன். மகள் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள் போலும். “சாவியை எங்கோ மறந்து வைத்துவிட்டேன். வா அம்மா, தேடுவோம்” என்றேன். அவள் முகம் தெளிந்தது. சாவி குடில் பெட்டியின் மேல் கிடைத்தது. உள்ளே, பசையால் ஒட்டிய தலை சற்றே சாய்ந்தபடி, அந்த இடையரும் இருக்கிறார். வரும் கிறிஸ்து பிறப்புக்கும் அவருக்குக் குடிலில் இடம் உண்டு.