முதற்படிக்குத் திரும்பியவர்கள்

தமிழில் 'தேர்வு' என்னும் சொல் இரு பொருள் தருவது. ஒன்றைத் தெரிந்தெடுத்தலும் தேர்வு. தெரிந்தெடுத்தவனைச் சோதித்தலும் தேர்வு. அரபு மொழி இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. சோதனைக்கு 'இம்திஹான்' என்றும், தெரிந்தெடுத்தலுக்கு 'இக்தியார்' என்றும் பெயர். இக்தியார் என்பதன் வேர், நன்மை எனப் பொருள்படும் 'கைர்' என்னும் சொல்லின் வேரே. பலவற்றுள் நல்லதைக் கொள்வதே தெரிவு என்பது அம்மொழியாரின் கருத்துப் போலும். கால் நூற்றாண்டாக மாணவர்க்கு இவ்விளக்கத்தைச் சொல்லி வந்திருக்கிறோம். ஆயினும், சொன்னதன் பொருளை நம் வீட்டுக் கூடத்தில், ஒரு வீடியோ விளையாட்டின் முன்னே அமர்ந்துதான் உணர்ந்தோம் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறோம்.

நம் இளைய மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு என்று விண்ணப்பத்தில் நாமே எழுதிக் கையொப்பமும் இட்டோம். அவனை யாரும் கேட்கவில்லை. ஓராண்டு கழிந்து கோடை விடுமுறை வந்தபோது, "வாப்பா, எனக்கு இது வரலை. வரலாற்றுப் பிரிவுல சேர்ந்து மறுபடி பதினொண்ணு படிக்கிறேன்" என்றான். ஓராண்டை வீணாக்குவதா, தன்னினும் இளைய பிள்ளைகளோடு போய் அமர்வதா என்று சினந்தோம். அதன்பின் மூன்று நாள் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேச்சில்லை. அவன் உம்மாதான் அங்குமிங்கும் நடந்து, சோற்றையும் செய்தியையும் சேர்த்தே பரிமாறி வந்தாள்.

நான்காம் நாள், இரவுத் தொழுகை முடிந்து வீடு திரும்பினோம். கூடத்தில் தொலைக்காட்சி ஒளிர்ந்துகொண்டிருந்தது. துபையிலிருந்து அவன் தாய்மாமன் கொண்டுவந்து தந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் பெட்டியை அதனோடு இணைத்து, கன்ட்ரோலரைக் கையில் ஏந்தி அமர்ந்திருந்தான் மகன். அணைக்கச் சொல்லும் எண்ணத்தோடுதான் அருகே சென்றோம். திரையில் நால்வர் வரிசையாக நின்று பகைவரோடு பொருதுகொண்டிருந்தனர். மூவர் ஏவியபடி போரிட்டனர். கோமாளி வேடமிட்ட நான்காமவனோ வாளை மறந்து ஏதோ வேடிக்கை செய்துகொண்டிருந்தான்.

"இவன் எதுக்குத் தம்பி?" என்றோம். மூன்று நாளுக்குப்பின் நாம் அவனிடம் கேட்ட முதற் கேள்வி அதுவே.

"இவன்தான் வாப்பா பின்னால பெரிய ஆளு" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அணைக்கச் சொல்ல வந்த நாம் பாயை இழுத்துப் போட்டு அமர்ந்தோம்.

அவன் சொல்லக் கேட்டதும், பிறகு நாமே தேடிப் படித்ததுமாக அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைப்போம். இவ்வகை விளையாட்டு கணினியில் பிறந்ததன்று. தாளிலும் பென்சிலிலும் பிறந்தது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு கற்பனை மாந்தராகி, தம் பேச்சாலேயே கதையை நடத்திச் செல்வர். முதலில் அதில் மூன்றே வகுப்புகள் இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, குரு. திருடன் அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்தான். வலிமை, அறிவு, விவேகம், கைவேகம், உடலுறுதி, பிறரை ஈர்க்கும் பண்பு எனத் திறன்கள் ஆறு. ஒவ்வொரு திறனுக்கும் அறுமுகப் பகடை மூன்றை உருட்டுவர். 3 முதல் 18 வரை எது விழுகிறதோ அதுவே அம்மாந்தருக்கு வாய்த்தது. வலிமை மிகுந்து விழுந்தால் வீரனாவதும், அறிவு மிகுந்து விழுந்தால் மந்திரவாதியாவதும் நலம். வாய்ப்பது ஒன்று, அதைக்கொண்டு தெரிவது மற்றொன்று; விதியும் இக்தியாரும் பற்றி மதரசாவில் நாம் இரவெல்லாம் வாதிட்டது, ஒரு மேசையின்மீது மூன்று பகடைகளாக உருண்டுகொண்டிருந்தது.

அம்முறை 1981-இல் வெளிவந்த 'விசர்ட்ரி' போன்றவற்றால் கணினிக்குள் புகுந்தது. அத்தகைய ஆட்டங்களில் ஈடுபாடு கொண்ட ஜப்பானியர் யூஜி ஹோரி, 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டைத் தம் நாட்டுச் சிறுவர்க்கேற்ப எளிதாக்கித் தந்தார். அம்முதற் கதையில் நாயகன் ஒருவனே. அதன் மூன்றாம் பகுதி 1988 பிப்ரவரி 10 அன்று வெளிவந்தது. அது ஒரு புதன்கிழமை. மாணவர் பலர் பள்ளியை விட்டுக் கடைவாயிலில் வரிசையில் நின்றது அந்நாட்டில் பெருஞ்செய்தியாயிற்று. ஆசிரியராகிய நமக்கு அச்செய்தி உவப்பானதன்று. ஆயினும் அவர்கள் எதற்காக நின்றார்கள் என்பது இப்போது சற்றே விளங்குகிறது. நாயகனோடு செல்லும் துணைவர் மூவரை ஆடுபவரே தெரிந்து, பெயரிட்டு, தொழில் கொடுக்கும் உரிமை அதில் இருந்தது. நம் மகன் ஆடியது, அதே கதை 2024 நவம்பரில் புதுக்கோலம் பூண்டு வந்த பதிப்பு.

தொழில்களை அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். போர்வீரன் வலியன், மந்திரம் அறியான். மந்திரவாதி தீயை ஏவுவான். ஓர் அடி தாங்கான். குரு காயம் ஆற்றுவார். வணிகன் போர் முடிந்தபின் கூடுதலாகப் பொன் சேர்ப்பான். எல்லாத் திறனும் ஒருவனிடத்தே இல்லை. ஒருவனது குறையை மற்றொருவன் நிரப்புமாறு நால்வரைச் சேர்ப்பதில்தான் ஆடுபவரின் மதி விளங்குகிறது. இவர்களுக்கிடையே அக்கோமாளி எவ்வாறு நுழைந்தான்? ஜப்பானிய மூலத்தில் அவனுக்கு 'அசோபினின்' என்று பெயர். விளையாடித் திரிபவன் என்பது பொருள். போர் நடுவே சொன்னபடி கேளாமல் வேடிக்கை காட்டுவான். அவனைச் சேர்ப்பவர் ஓராளின் துணையை இழந்தே வழி நடக்கவேண்டும்.

கதையின் நடுவே ஓர் ஆலயம் வருகிறது. 20-ஆம் படியை, அவர்கள் மொழியில் 20-ஆம் லெவலை, எட்டிய துணைவர் அங்கே சென்று தம் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு விலை உண்டு. படி மீண்டும் ஒன்றாகிவிடும். ஈட்டிய வலிமை முதலியன பாதியாகக் குறையும். வீரனாக மாறிய குரு, வாளேந்தத் தொடங்கும் நாளில் நோஞ்சானாகவே நிற்பார். ஆனால் காயம் ஆற்றும் மந்திரங்களை அவர் மறப்பதில்லை. தொழில்களுள் உயர்ந்தது ஞானி என்பது. மந்திரவாதியின் வித்தையும் குருவின் வித்தையும் ஒருங்கே கைவரப்பெறுவோன் அவனே. ஞானியாவதற்குப் பிறரெல்லாம் கிடைத்தற்கரிய ஒரு நூலைத் தேடிக் கொணரவேண்டும். நூலின்றியே ஞானியாகும் உரிமை ஒருவனுக்கு மட்டும் உண்டு. அவன் அக்கோமாளி!

அன்றிரவு மகன் அவ்வாலயத்தின் வாயிலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"20 படி ஏறினவனை மறுபடி ஒண்ணாம் படியிலயா நிறுத்துவே? பலமும் பாதியாப் போயிடுமே!" என்றோம்.

"பாதி போகும் வாப்பா. படிச்சது போகாது" என்று பொத்தானை அழுத்தினான்.

அவன் விளையாட்டைச் சொன்னானா, தன்னைச் சொன்னானா என்று நாம் கேட்கவில்லை. புது ஞானி முதற்படியில் நின்றான். ஆலயத்தைக் கடந்ததும் எதிர்ப்பட்ட பகைவர் முன்னே இரண்டு அடியில் வீழ்ந்தான். மற்ற மூவரும் அவனை எழுப்பினர்; அவனுக்காகவும் சேர்த்துப் போரிட்டனர். வெற்றியின் பயனில் அவனுக்கும் பங்கு கிடைத்தது. அரைமணி நேரத்தில் அவன் சில படிகள் ஏறிவிட்டான். தனியே விட்டிருந்தால் ஒரு படியும் ஏறியிருக்கமாட்டான்.

அதைக் கண்ட அளவில் நம் நெஞ்சில் ஒன்று தைத்தது. நாமும் ஒருமுறை முதற்படிக்குத் திரும்பியவரே. அரபிக் கல்லூரியில் ஏழாண்டு ஓதி, ஸனது பெற்று, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்த நாம், இருபத்தேழாம் வயதில் தமிழ் இலக்கியப் பட்ட வகுப்பில் சேர்ந்தோம். உடன் அமர்ந்தோர் பதினெட்டு வயதினர். நேற்றுவரை 'ஹஜ்ரத்' என்று விளிக்கப்பட்டவர், யாப்பிலக்கணத்தில் தளை தட்டி நிற்க, பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்ததும் உண்டு. ஆனால் நன்னூல் வகுப்பில் ஆசிரியர் பெயர், வினை, இடை, உரி எனச் சொற்களை வகுத்தபோது, இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என்று மதரசாவில் ஓதிய முப்பிரிவு தாமே வந்து அருகே அமர்ந்துகொண்டன. அங்கே மூன்று, இங்கே நான்கு. அந்த ஒன்று எவ்வாறு மிகுந்தது என்று ஆராய்ந்ததே நம் தமிழ்க் கல்விக்குத் தொடக்கமாயிற்று. படித்தது போகவில்லை.

இவ்வரலாற்றை மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். தனித்து நின்று வென்றதாகவே சொல்லியிருக்கிறோம். அம்மூன்றாண்டும் நம் குடும்பத்துக்கு அரிசி வாங்கித் தந்தவர், காக்கா என்று நாம் அழைக்கும் நம் அண்ணன். தம் சிறு துணிக்கடையின் வருவாயில், தம் பிள்ளைகளின் பங்கைக் குறைத்துத் தந்தார். கல்லூரிக் கட்டணத்துக்காக இரவெல்லாம் தையல் பொறியை மிதித்தவள் நம் மனையாள். "ஒரு வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பார்" என்று அவர்கள் இருவரும் சொல்லியிருந்தால் நாம் இன்று இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கமாட்டோம். நமக்குக் கிடைத்த மூவரை, இருவரை, நம் மகனுக்கு ஒருவராகக்கூட நிற்க நாம் மறுத்தோம். இதை எழுதுகையில் நாணமாகத்தான் இருக்கிறது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். வகுப்பறையில் வேடிக்கை பேசித் திரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறோம். 'இவன் உருப்படான்' என்று வாய்விட்டுச் சொன்னதும் உண்டு. ஏட்டைச் சுமந்தவனுக்கு ஒரு வழியும், விளையாடித் திரிந்தவனுக்கு வேறொரு வழியும் வைத்த அந்த ஜப்பானியர், ஆசிரியராகிய நம்மைவிடச் சிறுவர்பால் தாராளமாக நடந்துகொண்டார்.

விளையாட்டே வாழ்வு என்று நாம் சொல்ல வரவில்லை. விளையாட்டில் பிழை நேர்ந்தால், முன்பு பதிந்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். நம் மகன் இழக்கும் ஓராண்டு மீளாது. வரலாற்றுப் பிரிவும் அவனுக்குக் கசக்கக்கூடும். மேலும் அக்கதையில் துணைவர் யாவரும் தொழில் மாறலாம். நாயகனுக்கு மட்டும் அவ்வுரிமை இல்லை. அவன் தொடக்கத்தில் எதுவோ முடிவிலும் அதுவே. தந்தை என்னும் தொழிலும் அத்தகையதுதான். அதை மாற்றிக்கொள்ள ஆலயம் எங்கும் இல்லை. அதற்குள் இருந்தே திருந்தவேண்டும்.

மறுநாள் காலை, "எந்தப் பள்ளியில கேட்டிருக்கே, தம்பி?" என்றோம். அவன் உம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவ்வாரமே சென்று விண்ணப்பம் வாங்கினோம். பிரிவு என்னும் இடத்தை அவனே நிரப்பினான்; அதன்கீழ் நாம் கையொப்பம் இட்டோம். அலுவலக எழுத்தர் நிமிர்ந்து, "ஒரு வருஷம் போயிடுமே, பாய்?" என்றார். "போகட்டும்" என்றோம். அச்சொல் நம் வாயிலிருந்து அத்தனை எளிதாக வரும் என்று நாமே எண்ணியிருக்கவில்லை.

இப்போது பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிறது. தன்னினும் இளையவர் நடுவே அமர்ந்துவிட்டு மாலையில் வருபவன், சில நாள் ஒன்றும் பேசுவதில்லை. அம்மௌனத்தை நாம் அறிவோம். இரவுத் தொழுகைக்குப்பின் அதே பாயில் அமர்ந்து, அன்றைய வரலாற்றுப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறோம். நமக்கும் தெரியாதவை அதில் பல உள. படித்து முடித்தபின் அரைமணி நேரம் விளையாட்டு உண்டு.

நேற்று விசாரித்தோம். கோமாளியாக இருந்த அந்த ஞானி பழைய படியை இன்னும் எட்டவில்லையாம். 17-ஆம் படியில் நிற்கிறானாம்.