பாட்டியின் புலிநகச் சங்கிலி

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். பேரனைத் தொட்டிலில் போடும் நாளுக்காக, பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய வெல்வெட் பெட்டியை எடுத்தேன். தங்கப் பூண் போட்ட இரண்டு புலி நகங்கள், நடுவில் ஒரு சிவப்புக் கல். என் தாத்தாவில் ஆரம்பித்து என் மகள் வரை எல்லார் கழுத்திலும் கிடந்த சங்கிலி. போட்டால் குழந்தை தூக்கத்தில் திடுக்கிடாது என்பாள் பாட்டி.

மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "அத்தை, இதை வச்சிருக்கிறதே குற்றம். 2023ல கன்னட டி.வி. போட்டியில கலந்துக்கிட்ட ஒருத்தர் இதைப் போட்டிருந்ததுக்குக் கைதானார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க வேட்டையா ஆடினோம்? எங்க தாத்தா காலத்து நகை!"

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972லேயே வந்துவிட்டதாம். பரம்பரைப் பொருளைத் தெரிவித்துவிட 2003ல் 180 நாள் அவகாசமும் கொடுத்தார்களாம். நான் அப்போது மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தேன். யார் கண்டார்கள்?

ராத்திரி தூக்கம் வரவில்லை. முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு என்று புலிக்கு மொத்தம் 18 நகங்கள். அப்படியென்றால் ஒரு புலிக்கு ஒன்பது சங்கிலி! கடைகளில் விற்பதில் பாதிக்கு மேல் மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலியாக இருக்கலாம். ஆசை என்னவோ அசல் மேல்தானே?

மாப்பிள்ளை கொடுத்த புத்தகத்தைப் புரட்டினேன். 1973ல் ஒன்பது காப்பகங்களோடு புலிகள் பாதுகாப்புத் திட்டம் ஆரம்பித்தும், 2006 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,411 புலிகள்தான். ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் 2005ல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கள்ள வேட்டைக்காரர்கள் துடைத்துவிட்டார்கள். 2008ல் ரண்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறமும் குட்டி என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க 2012 ஆகிவிட்டது. தாய்ப்புலி ஏறக்குறைய இரண்டு வருஷம் குட்டிகளைத் தனியாகவே வளர்க்கிறதாம். ஆண்புலி கூடமாட இருப்பதில்லை. (நம் வீடுகளிலும் சில பேர் உண்டு, போகட்டும்!)

2022ல் நாட்டில் சுமார் 3,682 புலிகள். இப்போதெல்லாம் காமிரா வைத்துத்தான் எண்ணுகிறார்கள். நமக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு வேறு. அதைப் படித்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எந்த வரிக்காரனோ, வரிக்காரியோ!

"கொடுத்துடலாம்" என்றதும் எண்பத்து நாலு வயது அம்மா அழுதாள். "எங்கம்மா போட்டுவிட்டதுடி" என்றாள். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு, எழுதிக் கொடுத்து, தங்கப் பூணோடு வனத்துறையில் ஒப்படைத்துவிட்டோம்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேரன் கையில் வசம்பு வளையல் கட்டியிருந்தது. மிச்ச வசம்பை எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடினேன். அந்த வெல்வெட் பெட்டியில் இருந்தது.