நால்வரும் ஒரு பாறையும்

மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைப் பேருந்தின் சன்னல் வழியே எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். "அதோ சிலை!" என்று ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் பேருந்து தாண்டிவிடும். இவ்வாண்டு எங்கள் வரலாற்று ஆசிரியை பத்தாம் வகுப்பு மாணவியர் எங்களை அழைத்துச் சென்று அதன் எதிரிலேயே நிறுத்தினார்கள். அரைமணி நேரம் ஒருவரும் கடல் பக்கம் ஓடக்கூடாது என்பது உடன்வந்த அருட்சகோதரியின் கட்டளை!

நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்கிறார்கள். அரையில் துணி, விம்மும் தசைகள், அவ்வளவுதான். வாளும் இல்லை, கிரீடமும் இல்லை. இதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். காமராசர் முதலமைச்சராக இருந்த 1959-இல் சிலை நிறுவப்பட்டது. சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் இந்நகரத்துக் கடற்கரையில்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. பாரம் தள்ளினால் ஒருவர் 'ஐலசா' சொல்ல வேண்டுமே, இந்த நால்வரில் அது யார்? முன்னால் இருப்பவர் என்றோம் பலர். தோழி ஒருத்தியின் தாத்தா பஞ்சாலையில் பொதி தூக்கியவர். மறுநாள் அவரிடமே கேட்டோம். "கூவுறவன் பின்னாடிதான் நிப்பான், பாப்பா. அப்பதான் மத்தவங்க முதுகு தெரியும். எவன் தளர்றான்னு பார்த்துக் கூவணும்" என்றார்.

எங்கள் வியாசர்பாடிக்குப் பக்கத்தில்தான் பின்னி ஆலை இருந்தது. பக்கிங்காம் ஆலை தொடங்கியது 1876-இல். அங்கே உழைத்தவர்களைக் கொண்டுதான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. பிறகு அங்கே சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன. இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. ஆலைச் சங்கு ஊதியதும் உலை வைத்த பாட்டிமார் இன்னும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். காற்று வாங்க வருவோர் பார்க்கும் கடற்கரையில் உழைப்பாளருக்குச் சிலை இருப்பது நல்லதுதான். ஆயினும் அதுபோல் ஒன்று, உழைத்த இடத்திலும் இருந்திருக்கலாம் என்றே எங்களுக்குப் பட்டது.

இன்னொரு குறையும் உண்டு. நால்வரில் ஒரு பெண் இல்லை! விடியுமுன் காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் தாய்மார் எங்கே? இதைக் கேட்ட அருட்சகோதரி, "சும்மா பேசாதீர்கள், வரைந்து காட்டுங்கள்" என்றார்கள். வரைந்தோம். இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது. ஆலைப் புகைபோக்கியின் கீழே அதே நால்வர், அதே பாறை. எல்லோருக்கும் பின்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஐந்தாவதாக ஓர் அம்மா நிற்கிறார்.